சுற்றும் சத்தம்

அக்காவுக்குக் கண் தெரியாது. காது இருக்கிறதே, நாலு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கலாம். அவளுடைய பழைய பாட்டுப் பெட்டி உள்ளங்கை அளவுதான், ஐந்து பட்டன். திரை செத்து வெகுகாலம் ஆகிறது. அவளுக்கு எதற்குத் திரை என்று நாங்களும் விட்டுவிட்டோம். பட்டனை அழுத்தியதும் பாட்டெல்லாம் பதிந்திருக்கும் டிஸ்க் உள்ளே 'கிர்ர்' என்று சுற்றும். அது காதில் விழுந்த பிறகுதான் ஹெட்போனை மாட்டுவாள். எந்தப் பாட்டு எத்தனை அழுத்தலில் வரும் என்பது அவள் கட்டைவிரலுக்கு அத்துப்படி. சேலை நிறம் முதல் மாத்திரை வரை யாரையாவது கேட்டாக வேண்டியவள், பாட்டுக்கு மட்டும் யாரையும் கேட்டதில்லை.

போன மாதம் அந்த 'கிர்ர்' போய் 'டக் டக்' ஆகிவிட்டது. டிஸ்க் கூடிய சீக்கிரம் போய்விடும் என்று புரிந்தது.

"தூக்கிப் போட்டுட்டு ஒரு போன் வாங்கிக்கோ. வாயால சொன்னா பாட்டு போடும்," என்றார் மாமா, அவள் வீட்டுக்காரர்.

"ஒவ்வொரு பாட்டுக்கும் அதுகிட்ட கெஞ்சணுமா?" என்றாள் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். பொடி ஸ்க்ரூவெல்லாம் எனக்கு ஜுஜுபி. நான் மாற்றித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். டிஸ்க் கண்ணை மூடுவதற்குள் பாட்டையெல்லாம் அதே வரிசையில் ஒரு மெமரி கார்டில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து, பெட்டியைத் திறந்து, டிஸ்க் இருந்த இடத்தில் கார்டைப் பொருத்தினேன்.

அக்கா ஹெட்போனைச் சொருகி மேசையில் வைத்தாள். பட்டனை அழுத்தி, பெட்டியைக் காதோரம் பிடித்தாள்.

"சத்தமே இல்லையே."

திரும்பப் பிரித்தேன். காகிதம் போல மெலிந்த இணைப்புப் பட்டையைத் துடைத்து மறுபடி சொருகினேன். மறுபடியும் காதோரம் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் மாமா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"கொஞ்சம் சும்மா இருங்க மாமா."

அவளுக்கென்று இருந்த ஒன்றையும் கெடுத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது. அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கட்டைவிரல் தன் பாட்டுக்குப் பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்தது. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

"ஷ்ஷ்," என்றாள் அக்கா. அவள் தலை மேசைப் பக்கம் திரும்பியது. யாரும் மாட்டாமல் கிடந்த ஹெட்போனிலிருந்து கொசு பாடுவது போல ஏதோ வந்துகொண்டிருந்தது.

கார்டில் சுற்றுவதற்கு என்ன இருக்கிறது! சுற்றாத சாமானைச் சுற்றவில்லை என்று பிரித்துப் போட்ட அறிவாளி நான்.

"அக்கா, இதுல சுத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல. முதல் தடவையே வேலை செஞ்சிருக்கு," என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் ஹெட்போனை மாட்டினாள். மூன்று அழுத்து முன்னே, ஒன்று பின்னே. நிறுத்தினாள். முகமெல்லாம் பல். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாமா செய்தித்தாளை மடித்தார். "என்ன பாட்டு?"

"சொல்ல மாட்டேன்," என்று எழுந்த அக்கா, சுவரைத் தொட்டுக்கொண்டே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன பாட்டு என்று தெரிய அதிக நேரம் ஆகவில்லை. உள்ளே அவள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள்.