அபிராமியின் சைக்கிள்

சரிவின் பாதியில் பாண்டித்துரை பிரேக்கை ஒற்றை விரலால் தொட்டார். இழுக்கக்கூட இல்லை, தொட்டார். அதற்கே சைக்கிள் சரளைக்கல்லில் வழுக்காமல் நின்றது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு கீழே பார்த்தார். கல் உடைப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட பாறைக்குழி அது. அடியில் பச்சையாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. எதிர்ப்பக்கம் யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போன பனியன் வேஸ்ட், ஒரு மழைக்குப் பின் நிறமெல்லாம் கலந்து பாறையில் வழிந்து காய்ந்திருந்தது. குழியைச் சுற்றி ஆடுகள் போட்ட தடம் வேலிமுள்ளுக்குள் புகுந்து, ஏறி, பாறைமேல் போய், மறுபடி இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தடத்தில் அவரையும் ஆடுகளையும் தவிர யாரும் வருவதில்லை. நாற்பத்து மூன்று வயதில் சின்னப் பிள்ளையின் சைக்கிளில் கல்லும் முள்ளும் ஏறி இறங்குவதை டீக்கடைக்காரர்கள் பார்த்தால் வாரம் பூராவும் பேச அதுவே போதும். அதனால் வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்.

சைக்கிள் அவருடையது இல்லை, மகள் அபிராமியுடையது. அவள் ஆறாவது படிக்கும்போது வாங்கிக் கொடுத்தது. கியர் வைத்த வண்டிகளில் ஆகக் கீழ் ரகம். பார்க்க மலையேறுகிற வண்டி மாதிரி இருக்கும், தார் ரோட்டுக்கு மேல் எதையும் தாங்காது. அபிராமிக்கு அது தெரியாது. வாங்கிய மாதமே இந்தச் சரிவில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் முள்ளுக்குள் போய் விழுந்தாள். முழங்காலில் ரத்தம் வடிய நடந்து வந்தவள் அழவில்லை. "இந்த பிரேக்கு நிக்கவே மாட்டேங்குதுங்கப்பா" என்று புகார்தான் சொன்னாள். திருப்பூர் பள்ளிக்கூடத்தில் படித்து, பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடப் பழகியிருந்தாள். அவர் மனைவி நதியா அதைக் கேட்கும்போதெல்லாம், "கோயில்பட்டியில போயி இப்பிடிப் பேசு, ஒன்னய எந்த ஊருன்னு கேப்பாக" என்று சிரிப்பாள். மாற்றித் தருகிறேன் கண்ணு என்று அவர் சொல்லியிருந்தார்.

மாற்றுவதற்குள் நதியாவின் அப்பாவுக்குக் கையும் காலும் விழுந்துவிட்டது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆறு மாதம் என்று சொல்லித்தான் மகளையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனாள். ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. அபிராமியை அங்கேயே பள்ளியில் சேர்த்தார்கள். நதியாவுக்கு ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாகவாவது போயிருக்கலாம். முதல் தீபாவளிக்கு அவர் போய் வந்தார். அடுத்த தீபாவளிக்கு டெங்குவில் படுத்துவிட்டார். பொங்கலுக்கும் போக முடியவில்லை, அனுப்பவேண்டிய சாம்பிள் தலைக்கு மேல் நின்றது. கம்பெனியில் அவர் பேட்டர்ன் மாஸ்டர். எந்த நாட்டிலிருந்து எந்தச் சட்டைக்கு ஆர்டர் வந்தாலும் முதல் அட்டையை வெட்டித் தருவது அவர் கைதான்.

திருப்பூரில் தனியாகப் படுத்திருந்த காய்ச்சலில்தான் அந்த பிரேக் ஞாபகம் வந்தது. எழுந்து நடக்க முடிந்ததும், காற்றுப் போய்ச் சுவரோடு சாய்ந்திருந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மங்கலம் ரோட்டில் இருந்த தௌபிக்கின் கடைக்குப் போனார். தௌபிக்குக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அப்பா பனியன் யாவாரத்துக்குக் கூப்பிட்டும் போகாமல் சைக்கிள் கடை வைத்தவன். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டான்.

"பிரேக் மட்டும் மாத்துனாப் போதுமுங்களா?"

"போதும் தம்பி."

போதவில்லை. ஆயில் பிரேக் போட்டதும் வண்டி நன்றாக நின்றது, ஆனால் டயர் வழுக்கியது. அகலமான முள் டயர் போட்டு, காற்றைக் குறைத்து ஓட்டியதும் வழுக்கல் நின்றது. அப்போதுதான் முன்பக்கத்து ஸ்பிரிங் ஃபோர்க் வெறும் அலங்காரம் என்று தெரிந்தது. கல்லில் விழுந்தால் அடி நேராகத் தோள்பட்டைக்கு வந்தது. அதை மாற்றியதும் செயின் கழன்று கழன்று விழுந்தது. முன்னால் இருந்த மூன்று பல்சக்கரத்தை எடுத்துவிட்டு ஒன்றாக்கி, பின்னால் பெரிய பல்லாகப் போடவேண்டியிருந்தது. அதற்குப் பின்சக்கரத்தின் ஹப்பே சேராது என்றான் தௌபிக்.

"ஏனுங்ண்ணா, தப்பா நெனைக்காதீங்க. இதுக்கு ஆவுற செலவுக்குப் புது வண்டியே எடுத்துப் போடலாமுங்க. ஃப்ரேமு மட்டும்தான் பழசா நிக்கோணும்."

"புதுசு வேணாம் தம்பி. இது அவ வண்டி."

"அப்பறம் உங்க இஷ்டம். பாப்பாவ ஒருக்கா கூட்டிட்டு வாங்க. ஹேண்டில் பாரு, சீட்டுப் பைப்பு எல்லாம் அளவு பாத்து வெட்டோணும். வெட்டுனா ஒட்ட முடியாதுங்க."

"ஊர்ல இருக்கா. அளவு நான் சொல்றேன்."

சொன்னார். பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிற பெண்பிள்ளைக்கு உயரம் நூற்றைம்பத்தெட்டு சென்டிமீட்டர், கால் நீளம் இவ்வளவு, கை நீளம் இவ்வளவு என்று எதையும் பார்க்காமல் சொன்னார். இருபது வருடமாக வெளிநாட்டுக் கம்பெனிகள் அனுப்பும் சைஸ் சார்ட்டில் வயதுக்கு நேராக இருக்கும் அளவுகள் அவை. அவர் வெட்டிய அட்டை எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பொருந்தாமல் போனதில்லை. தௌபிக் அந்த அளவுக்கு வெட்டிப் பூட்டினான். மகளோடு தினமும் வீடியோ காலில் பேசிக்கொண்டுதான் இருந்தார். அதில் அவள் முகம் தெரியும், பின்னால் மின்விசிறி தெரியும், சில சமயம் ஒரு காது மட்டும் தெரியும்.

ஒவ்வொரு பாகமும் மாற்றியதும் அவரே ஓட்டிப் பார்த்தார். பிள்ளை ஏறும் வண்டி, சோதித்துப் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? முதல் ஞாயிறே கவிழ்ந்து விழுந்தார். பிறகு இறக்கத்தில் சீட்டை விட்டு எழுந்து நிற்கவும், கல்லைப் பார்க்காமல் கல்லுக்கு அப்பால் இருக்கும் வழியைப் பார்க்கவும் பழகினார். வீட்டுக்கு வந்து ஒரு ஆளுக்கு உலை வைத்துவிட்டு, சங்கிலிக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார். சைக்கிள் அறைக்குள்தான் நின்றது. அதன் ஹேண்டில் பாரில் துண்டைக்கூடக் காயப்போடமாட்டார்.

மே மாதம் பிறந்ததும் நதியா போன் செய்தாள். "அபி பத்து நாளு அங்க இருக்கட்டும். ஒன்பதாவது அங்கன படிக்கேன்னு அவ சொன்னா, அப்பாவ அண்ணன்கிட்ட விட்டுட்டு நானும் வந்துருதேன். நீங்களே கேட்டுக்கிடுங்க. நான் சொல்லி அவ வந்ததா இருக்கக் கூடாது."

அவர் குடியிருந்த லைன் வீட்டில் அடுத்த கதவு மூக்கம்மாள், கோவில்பட்டிப் பக்கம் தன் ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருந்தாள். அபிராமியை அவள் கூட்டி வருவதாக ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டில் இறங்கிய கூட்டத்தில் பாண்டித்துரையின் கண் ஜனங்களின் தோளுக்குக் கீழே, இடுப்புக்கும் மார்புக்கும் நடுவிலேயே துழாவிக்கொண்டிருந்தது. சுடிதார் போட்ட ஒரு பெண் எதிரே வந்து நின்று வழியை மறித்தது. விலகி நின்றார். அந்தப் பெண்ணும் விலகி மறுபடி எதிரே நின்றது.

"என்ன மாஸ்டரே, ஊரு பூராத்துக்கும் அளவெடுக்கியரு, பெத்த புள்ளய அடையாளம் தெரியலியா?" மூக்கம்மாள் பையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "தாய்மாமன் ஒசரம். பஸ்ஸுல கம்பிய எட்டிப் பிடிச்சிட்டு நிக்கா. எனக்கு எட்டல."

அபிராமி குனிந்துதான் அவர் முகத்தைப் பார்த்தாள். "எளைச்சுப் போயிட்டப்பா நீ." 'ங்க' எங்கோ வழியில் உதிர்ந்துபோயிருந்தது. அது நெருக்கமா தூரமா என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை பாறைக்குழிக்குப் போனார்கள். சைக்கிளை அவர்தான் தள்ளிக்கொண்டு வந்தார். வழியெல்லாம், இது என்ன ஃபோர்க், இந்த லீவரைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அறையில் சைக்கிளைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கும் பஸ் ஸ்டாண்டிலேயே தெரிந்துவிட்டது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். மிதித்தபோது முழங்கால் ஹேண்டில் பாருக்கு மேலே வந்து போயிற்று. கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, வெட்டுக்கிளி மாதிரி, சமதரையில் ஒரு சுற்று போனாள். சரிவுக்குப் பக்கத்தில் போய்க் கீழே பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"நல்லாருக்குப்பா. பிரேக்கு சூப்பரா நிக்கி."

"சீட்ட ஏத்திக்கலாம். பைப்பு நீளமா ஒண்ணு…" என்று ஆரம்பித்தவர், நீளத்தை எங்கே சேர்ப்பது, ஃப்ரேமிலா என்று நினைத்து நிறுத்திக்கொண்டார். துணி சுருங்கும் என்று முன்கூட்டியே கூட்டிவைத்து வெட்டுகிற கை அது. ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்கென்று கொஞ்சம் விடாமல் ஒரு அட்டைகூட வெட்டியதில்லை.

அபிராமி சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். காலை நீட்டி, கெண்டைக்காலைத் தட்டிக்கொண்டாள். அவள் பள்ளியில் ஹாக்கி ஆடுவது அவருக்குத் தெரியும். விளையாட்டுப் பீரியடில் எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது ஆடும், அப்படித்தான் என்று நினைத்திருந்தார். இப்போது, ஜூனில் மாவட்ட செலக்‌ஷன் இருக்கிறது, கோச் தன்னை டிஃபென்ஸில் போட்டிருக்கிறார், விடிவதற்கு முன் மைதானத்தில் நிற்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். சொல்லும்போது அவள் கை காற்றில் மட்டையைப் பிடித்துத் திருப்பியது. அந்தக் கையையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பூரிலேயே படிக்கிறாயா என்று அவர் இன்னும் கேட்கவில்லை. பதில் வந்துவிட்ட பிறகு கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அம்மா எதுவும் கேக்கச் சொன்னாளாப்பா?"

"இல்லியே."

அவள் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தாள். பிறகு, "நீ ஓட்டுவியா இத?" என்றாள்.

"சும்மா, டெஸ்ட்டுக்கு."

"ஓட்டிக் காமி."

மறுத்தார். அவள் விடவில்லை. வேட்டியை அவிழ்த்துக் கால்சட்டையோடு ஏறினார். மேட்டில் எழுந்து மிதித்து, பாறைமேல் ஏறி, முள்ளுக்கு நடுவில் தலையைத் தாழ்த்திப் புகுந்து, அவள் விழுந்த அதே சரிவில் சீட்டுக்குப் பின்னால் உடம்பைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். ஹேண்டில் பார் கைக்குள் அடங்கி நின்றது. கால் பெடலில் சரியாக நீண்டு மடங்கியது. எங்கேயும் ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. மேலே அபிராமி விசிலடித்தாள்.

திரும்பி வந்தபோது போனில் எடுத்த வீடியோவை அவள் அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். "ஒனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குப்பா" என்றாள். கேலியாக இல்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. சிரித்தார்.

"எங்க டீமுக்கு ஜெர்சி வெட்டித் தாரியாப்பா? கடையில வாங்குனது கக்கத்துல பிடிக்கி."

"எல்லாரு அளவும் வேணுமே."

"மொதல்ல என்னோடத எடு."

சட்டைப் பையில் இன்ச் டேப் இருந்தது. ஞாயிறோ திங்களோ அது இல்லாமல் அவர் வெளியே வருவதில்லை. தோள், மார்பு, கை என்று எடுத்தார். ஜெர்சிக்கு உயரம் தேவையில்லை. ஆனாலும் டேப்பின் நுனியைப் பாறையில் வைத்து, "மிதிச்சுக்கோ" என்றார். அவள் குதிகாலால் மிதித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அவர் டேப்பை முதுகுத்தண்டோடு மேலே இழுத்தார். இடுப்பு, தோள்பட்டை, கழுத்து. தகரம் வைத்த மறுநுனி அவள் காதுமடலுக்குக் கீழே வந்து நின்றது. அதற்கு மேல் டேப் இல்லை.

"எவ்வளவுப்பா?"

அவர் நுனியைப் பிடித்தபடியே இன்னொரு கையை அதற்கு மேல் வைத்து விரல்களை விரித்தார். சுண்டுவிரல் அவள் தலைமுடியின் ஈரத்தில் பட்டது.

"அசையாம நில்லு" என்றார்.