நீர்ப்பாம்புக்கு ஸ்மெல்ட் மீன்

போன செப்டம்பரில் அர்வோவின் மகள் மார்லிஸ், அவனுக்குப் பிடிக்காத ஒருவனோடு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். அங்கே வாடகை வீட்டின் சொந்தக்காரர் பாம்புக்கு இடம் தரமாட்டேன் என்றதால், பெர்ல் என்ற தன் நீர்ப்பாம்பை ஏரிக்கரை ஊரான எஸ்கனாபாவில் அப்பனிடமே விட்டுப்போனாள். அதன் பிறகு அப்பனோடு பேச்சில்லை. பாம்பைப் பற்றி மட்டும் பேசுவாள். ஞாயிறு ஐந்து மணிக்குப் போன் வரும். சாப்பிட்டதா, தோல் உரித்ததா, சரி, வைக்கிறேன். அந்த இரண்டு நிமிடத்துக்காக அர்வோ நாலு மணிக்கே சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பான். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவான். பக்கத்து வீட்டிலிருந்து சீட்டாடப் போகும் எனக்கும் அதனால் எல்லாம் தெரியும்.

என்ன போட வேண்டும் என்று அவள் எழுதி ஒட்டியிருந்தாள்: ட்ரௌட், திலாப்பியா, மண்புழு, குட்டி எலி, மாற்றி மாற்றி. அர்வோ அதைப் படித்துச் சிரித்தான்.

"கடை மீனு எந்த ஊரு தண்ணியோ. இது நம்ம ஏரி மீனு, நானே வலை போட்டு அள்ளுனது."

ஏப்ரலில் ஐஸ் விலகியதும் ஓடைகளில் ஏறுகிற ஸ்மெல்ட் மீன் அவன் ஃப்ரீசரில் வாய்வரை இருந்தது. காக்கைக்குத் தன் குஞ்சு, அவனுக்குத் தன் மீன். நானும் தலையாட்டினேன், ஓசி மீன் எனக்கும் வந்துகொண்டிருந்தது.

மார்ச்சில் பாம்பு தலையைக் கோணலாகத் தூக்கிக்கொண்டு சுருண்டு சுருண்டு புரண்டது. மூக்கருகே வைத்த மீனை அதனால் கவ்வ முடியவில்லை. மிருக டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஸ்மெல்ட் மட்டுமா போட்டீங்க? பச்சை ஸ்மெல்ட் உடம்புல இருக்கற வைட்டமினத் தின்னுடும். நாம பொரிச்சுத் திங்கறோம், அதனால தப்பிச்சோம்."

ஊசி போட்டும் பயனில்லை. வெள்ளிக்கிழமை செத்தது.

"நல்லா இருக்குன்னு சொல்லிடு. போன்ல வாலா தெரியப்போகுது?" என்றேன். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுகிறார்கள், ஒரு பாம்புக்கு ஒரு பொய் ஆகாதா? அர்வோ எழுந்து சவரம் செய்யப் போனான். பாம்பில்லாமல் அவள் எதற்குக் கூப்பிடப்போகிறாள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அந்த ஞாயிறும் ஐந்துக்குப் போன் வந்தது.

"பெர்ல் சாப்பிட்டுச்சா?"

"செத்துப்போச்சும்மா. வெள்ளிக்கிழமை. நீ எழுதுனத நான் மதிக்கல. முழுக்க ஸ்மெல்ட்டே போட்டேன். என் தப்புதான்."

அந்தப் பக்கம் அவள் அழுவது அறை முழுக்கக் கேட்டது. நான் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. அர்வோ போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெகுநேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"நீ என்னப்பா சாப்பிடற?"

"ஸ்மெல்ட்தான். பொரிச்சு."

"தெனமுமா? கூட என்ன?"

"ரொட்டி."

"அதே புத்தி. காய் வாங்கு. முட்டைக்கோசாவது வாங்கு. அடுத்த ஞாயிறு கேப்பேன்."