முதலாளி வீட்டுப் பெயர்

"இனிமே பாப்பாவைச் செல்லம்னு கூப்பிடு. அந்தப் பேரு வேணாம்" என்றான் கொத்தனார், பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல்.

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கையில் காய்ந்திருந்த சிமெண்டை அவன் உரித்துக்கொண்டிருந்தான்.

அபராஜிதா என்பதுதான் அந்தப் பெயர். தாயா பிள்ளையா என்று இழுத்துக்கொண்டு கிடந்து, இரண்டு உயிரும் தப்பிய காலையில் நர்ஸம்மா சொன்னது. யாராலும் ஜெயிக்க முடியாதவள் என்று அர்த்தமாம். சாந்து சுமக்கிறவள் வயிற்றில் பிறந்ததற்கு இதைவிட என்ன சீதனம் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். இவளுக்கு நாக்கு புரளவில்லை. முதலில் தடுமாறாமல் சொன்னவன் புருஷன்தான். பிள்ளையைக் கையில் வாங்கி, அழுதுகொண்டே சொன்னான்.

அவள் செய்த ஒரே தப்பு, அதை முதலாளியம்மாவிடம் வாய் கொள்ளாமல் சொன்னது. கட்டட வேலையைப் பார்க்க வந்த காண்ட்ராக்டரின் மனைவி தூளிக்குள் எட்டிப் பார்த்துப் பேரைக் கேட்டாள், அர்த்தத்தைக் கேட்டாள், இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். எவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்கள் என்று இவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்த வாரமே அந்த வீட்டுப் பேத்திக்கு அதே பெயரை வைத்தார்கள். அதற்கும் இவள் சந்தோஷம்தான் பட்டாள்.

"அவங்க வீட்டுப் பேரை நாம சேத்துலயும் சகதியிலயும் நின்னு கத்துனா நல்லாவா இருக்கும்னு அம்மா கேக்குறாங்க" என்றான்.

"யாரு வீட்டுப் பேருய்யா அது?"

அவன் தன்னை மேஸ்திரியாக்கப் போகிறார்கள் என்று மட்டும் முணுமுணுத்தான்.

"நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன்."

எடுத்தவள் அந்நியம், அவளைத் திட்டித் தீர்த்துவிடலாம். எடுத்துக் கொடுத்தவனோ ஒரே பாயில் படுக்கிறவன். அவள் பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

மறுநாள் முதலாளியம்மா பேத்தியின் பழைய சட்டை ஒன்றோடு கட்டடத்துக்கு வந்தாள்.

"வெறும் பேருதானேம்மா. உங்க ஆளுங்களுக்குச் சின்னதா இருந்தாத்தான் வாய்க்கும் சுலபம்."

"வெறும் பேருன்னா நீங்களே மாத்திக்கலாமேம்மா" என்றாள் சித்தாள். குரலை உயர்த்தவில்லை. சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியேறினாள். வாயை மூடச் சொல்லிச் சாரத்தின் மேலிருந்து புருஷன் அதட்டினான்.

படிக்கு ஒருத்தியாகப் பெண்கள் நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றி ஏற்றும் வேலை அது. கீழே தூளியில் பிள்ளை சிணுங்கியது. சாந்து அள்ளியவள் முதலாளியம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏ, அபராசிதா அழுவுதுடி" என்று சட்டியோடு சேர்த்து மேலே அனுப்பினாள். அடுத்தவள் "அவராசிதா" என்றாள். அதற்கடுத்தவள் வேறு எப்படியோ சொன்னாள். வாய்க்கு வந்தபடியெல்லாம் உடைந்து, ஒருத்தியும் விடாமல், அந்தப் பெயர் படிப்படியாக ஏறித் தாயிடம் வந்து சேர்ந்தது.

"இதோ வர்றேன்டி அபராஜிதா" என்று கட்டடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு அவள் இறங்கினாள்.

முதலாளியம்மா கார்க் கதவை அறைந்து சாத்தினாள். பெற்ற தகப்பன் மட்டும் காதில் விழாதவன்போல, பூசி முடித்த சுவரையே மறுபடியும் பூசிக்கொண்டிருந்தான்.