காதல் பாட்டுக்கு ஒரே டேக்

டெபோராவும் அவள் புருஷன் இன்பசேகரனும் சேர்ந்து போடும் ராக் ஆல்பம் முழுக்க அவர்கள் குடும்பக் கதைதான். சண்டைப் பாட்டு என்றால், சித்தூரிலிருந்து திருப்பதி ஸ்டூடியோ வரை காரில் அவளை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே வருவான். செத்துப்போன அவள் அம்மாவைக்கூட விடமாட்டான். அந்த ஆத்திரத்தோடு அவள் பாடினால் ஒரே டேக்கில் முடிந்துவிடும். "பாட்டுக்காகத்தாண்டி," என்று அப்புறம் சிரிப்பான்.

கடைசியாக மிஞ்சியது காதல் பாட்டு. அன்று வழியெல்லாம் கொஞ்சினான். சந்திரகிரியில் நிறுத்தி இளநீர் வாங்கித் தந்தான். மைக் முன்னால் எத்தனை முறை பாடியும் அவள் குரலில் உயிரே இல்லை.

"இன்னாடி ஆச்சு?" கிடாரோடு எதிரே நின்று கேட்டான்.

"நீ வெளிய போய் இரு. உன்னப் பாத்துக்கினு இது வராது."

போனான். ஒரே டேக்கில் பாடி முடித்தாள்.