செலினாவின் இருபத்து நாலாம் தேதி

ஆக்ஸிலியாவின் வீட்டுக்கு 2008ஆம் வருடத்துக் கிறிஸ்துமஸ் வரவில்லை. மலையிலிருந்து பள்ளங்கிக்கு இறங்குகிற சாலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கெல்லாம் வந்தது. வாசலில் காகித நட்சத்திரம் எரிந்தது, கறி வெந்தது, பட்டாசு வெடித்தது. இந்த வீட்டில் மட்டும் இருபத்து நாலாம் தேதி நகராமல் நின்றுவிட்டது. அதுவும் வீடு முழுக்க நிற்கவில்லை. குடில் இருந்த மூலையிலும், குடிலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஐந்து வயது செலினாவிடமும்தான் நின்றது. அடுப்படியில் வழக்கம்போல விடிந்தது, பால்காரர் வந்தார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் பிறந்ததும் தட்டில் கேழ்வரகு விதைப்பார்கள். அது முளைத்துப் பச்சை கட்டியதும் குடிலுக்குப் புல்வெளி தயார். மாதா, சூசையப்பர், மாடு, ஆடு எல்லாரையும் முன்கூட்டியே நிறுத்திவிடலாம். குழந்தை இயேசுவின் சொரூபத்தை மட்டும், தெருக்கோடிக் கோயிலில் மாலைப் பூசைக்கு மணி அடிக்கும்போது, வீட்டின் கடைக்குட்டிதான் வைக்க வேண்டும். அம்மா அந்தச் சின்னக் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொள்ள வேண்டும். ஆக்ஸிலியாவுக்கு அவளுடைய அம்மா அப்படித்தான் செய்தாள். ஆனால் ஆக்ஸிலியாவுக்கு வேலை ஏரிப் பக்கத்து ரிசார்ட்டில், அறைகளைச் சுத்தம் செய்கிற பிரிவில். ஊருக்கெல்லாம் பண்டிகை என்றால் அவளுக்கு அன்றைக்குத்தான் நாற்பது கட்டிலுக்கு விரிப்பு மாற்ற வேண்டிவரும். அந்த வருடம் இருபத்து நாலாம் தேதி காலை நீல யூனிஃபார்ம் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது, “அம்மா வர்றதுக்குள்ள வச்சிராத தங்கம். நான் வெரசா வந்துருவேன், ரெண்டு பேரும் சேந்து வைப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். ரிசார்ட்டில் விருந்து, பாட்டு, கூத்து. ஒருவரையும் வீட்டுக்கு விடவில்லை. கணவன் ஜெபக்குமாரும் சுற்றுலாக் கூட்டத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போக்குவரத்து நெரிசலில் கிடந்தான். மணி அடித்து ஓய்ந்தது. மறுநாள் வெயில் ஏறிய பிறகு, காகிதத்தில் சுற்றிய ஒரு துண்டு கேக்கோடு ஆக்ஸிலியா வந்தாள். மகள் சொரூபத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு குடிலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. “இன்னும் வேலைக்குப் போகலையாம்மா? போய்ட்டு வெரசா வா. இன்னைக்குப் பாலனை வைக்கணும்ல” என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தினமும் அதே தேதி, அதே ஐந்து வயது. பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டால், “இன்னைக்கு லீவு” என்பாள். அது சரியாகவும் இருந்தது. நாளைக்குப் போட வேண்டிய சிவப்புக் கவுன் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. கேழ்வரகு நாற்று வாடவும் இல்லை, கதிர் விடவும் இல்லை. பிடுங்கினால் மறுநாள் அதே உயரத்துக்கு வந்து நின்றது. இரண்டொரு வருடத்தில் தெருவில் எல்லாரும் தட்டில் விதைப்பதை விட்டுவிட்டு, ஆக்ஸிலியா வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். முதலில் கோயிலிலிருந்து ஒரு சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். “ஃபாதர், பூசைக்கு நேரமாச்சா?” என்று செலினா கேட்டதும், பிஷப்பிடம் பேசுகிறேன் என்று போனவர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவரிடம் உபதேசியார் சாவியைக் கொடுத்து, கோயில் கூரை ஒழுகுது, ஜெனரேட்டர் மக்கர் பண்ணுது, ஆக்ஸிலியா வீட்டுல இன்னும் கிறிஸ்துமஸ் வரலை என்று ஒரே மூச்சில் ஒப்படைத்தார். புதியவர் ஒழுகும் கூரையைப் பற்றி மட்டும் விசாரித்தார். ஒரு சித்திரை மாதம் அவரிடம் அனுமதி வாங்கி மணியை அடித்துக்கூடப் பார்த்தார்கள். செலினா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “யாரோ செத்துட்டாங்க” என்றாள். மறுநாள் கீழ்த்தெருவில் ஒருவர் போய்ச் சேர்ந்தார். அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டார்கள்.

ஆக, வருடத்தில் ஒரே ஒரு நாளின் ஒரே ஒரு மணிக்குத்தான் வழி இருந்தது. அந்த நாளில்தான் ரிசார்ட்டில் லீவு கிடையாது. “ஜனவரில எடுத்துக்கங்க சிஸ்டர், சீசன் டைம்ல எப்படித் தர முடியும்?” என்று ஒவ்வொரு மேனேஜரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். வேலையை விட்டுவிடலாம் என்று ஆக்ஸிலியா எல்லா டிசம்பரிலும் நினைத்தாள். மூத்தவன் டிக்சன் படித்துக்கொண்டிருந்தான், ஜெபக்குமாரின் கார் பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். பிள்ளை எங்கேயும் போய்விடப் போவதில்லையே என்கிற தைரியம். ஒரு வருடம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்தவளுடைய பஸ் ஏரி முனையில் கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. கொரோனா வருடத்தில் ஊரடங்கு நீண்டுகொண்டே போகட்டும் என்று இந்த மலையில் ஜெபித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். டிசம்பருக்குள் தளர்த்திவிட்டார்கள். அடைந்து கிடந்த சனமெல்லாம் மலையேறி வந்தது.

இதற்கிடையில் டிக்சனுக்கு மீசை முளைத்தது, வேலைக்கென்று கோயம்புத்தூர் போய்விட்டான். போகிற அன்று தங்கைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “நான் வைக்கவா பாப்பா?” என்று கேட்டான். “நீங்க யாரு அங்கிள்? எங்கண்ணன் விளையாடப் போயிருக்கான்” என்றாள். ஒருமுறை ஜெபக்குமாரைப் பார்த்துத் தாத்தா என்றுவிட்டாள். அவன் அன்றைக்கே டவுனுக்குப் போய்த் தலைக்குச் சாயம் வாங்கி வந்தான். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் பூசி, அப்பாவாகவே நீடித்தான். ஆக்ஸிலியா இதைப் பார்த்துச் சிரித்தாள். காலையில் தன்னை வேலைக்கு வழியனுப்பும்போது மகள் ஒரு நொடி தயங்குகிறாள் என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொண்டாள்.

போன வருடம் ரிசார்ட் கை மாறியது. புதிய முதலாளி வெளியூரிலிருந்து இளவட்டங்களைக் கொண்டுவந்தார். ஆக்ஸிலியாவுக்கு வேலை போனது. தெரு முழுக்க அவளுக்காக வருத்தப்பட்டது. அவளோ டிசம்பரை எண்ணிக் காத்திருந்தாள். இருபத்து நாலாம் தேதி தலைக்குச் சாயம் பூசினாள், பெட்டிக்கு அடியில் கிடந்த பழைய நீலப் புடவையைக் கட்டினாள், மத்தியானமே வீட்டை விட்டுக் கிளம்பிச் சாலை வளைவு வரை போய் நின்றாள். பனிமூட்டம் இறங்கியது. மணியின் முதல் அடி விழுந்ததும், பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவளைப் போல ஓடி வந்தாள்.

“அம்மா!” என்று செலினா எழுந்தாள். அத்தனை வருடமாக மூடியிருந்த கை விரிந்தது. பெயிண்ட் உதிர்ந்த சொரூபம் அதற்குள் இருந்தது. ஆக்ஸிலியா அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக் குடில் பக்கம் கொண்டுபோனாள். பினாயிலும் ப்ளீச்சும் தின்ற கை அது. தோல் காய்த்து, நகம் கறுத்துப்போயிருந்தது. செலினா குனிந்து அதைப் பார்த்தாள். மெல்லத் தன் கையை உருவிக்கொண்டு விரல்களை மடக்கினாள். “அம்மா கை இப்படி இருக்காது” என்றாள். கோபமெல்லாம் இல்லை, பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு, “கொஞ்சம் இருங்க பெரியம்மா. அம்மா வந்ததும் வச்சிரலாம்” என்றாள். மணி ஓய்ந்தது.

ஆக்ஸிலியா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழ வேண்டும் போல இருந்தது, பிள்ளை பயந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள். செலினா ஒரு அச்சு முறுக்கை எடுத்து அவளுக்குக் கொடுத்தாள். “வந்துருவாங்கல்ல பெரியம்மா?”

“வெரசா வந்துருவாங்க தங்கம்.”

அதிலிருந்து சாயங்காலமானால் இரண்டு பேரும் சேர்ந்தே காத்திருக்கிறார்கள். ஜெபக்குமார் இருவருக்கும் தேநீர் கொடுத்துவிட்டுத் தன் சோலியைப் பார்க்கப் போகிறான். தெருக்காரர்கள் நாற்று வாங்க வந்தால், செலினாவின் பெரியம்மாவைத்தான் கேட்கிறார்கள். சாலை வளைவில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால், நீலப் புடவையில் யாராவது இறங்குகிறார்களா என்று செலினாவுக்கு முன்னால் ஆக்ஸிலியா எழுந்து போய்ப் பார்க்கிறாள்.