பச்சை கூடிய ஏரி

திரையில் ஏரி பச்சைப்பசேல் என்றிருந்தது. போன வருஷம் இதே பருவத்தில் எடுத்த படத்தை அவள் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் நடுவெல்லாம் கறுப்பு, கரையோரம் மட்டும் ஒரு மெல்லிய பச்சைக் கோடு. இந்த வருஷமோ மழை பொய்த்துவிட்டது. ஊர்க் குழாய்களைத் திறந்தால் காற்றுதான் சீறுகிறது. ஆனால் ஏரியின் நீர்ச்செடிகள் மட்டும் இரண்டு மடங்காகப் பெருகிவிட்டதாகச் செயற்கைக்கோள் சொன்னது. அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, சுவரோரம் போய் நின்று பார்த்தாள். அங்கிருந்து பார்த்தாலும் பச்சைதான்.

அவள் வேலை பார்க்கும் ஏரி ஆய்வுத் துறையின் தலைவருக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. நல்ல மனிதர். கெட்ட செய்தியாகவே எழுதி எழுதி அலுத்துப்போயிருந்தவர். "பாத்தியாம்மா, வறட்சியைத் தாங்கிட்டு எப்படி நிக்குதுன்னு! வாரியத்துக்கு இன்னிக்கே பதில் எழுதிடலாம்" என்றார்.

குடிநீர் வாரியத்தின் பெண் பொறியாளர் கேட்டிருந்தது ஒரே கேள்வி. மோட்டாரின் உறிஞ்சுகுழாயை ஏரியின் கிழக்கு மூலைக்கு, அதாவது ஆழம் அதிகமுள்ள இடத்துக்கு, மாற்றி மிச்சத் தண்ணீரை எடுத்தால் செடிகள் பிழைக்குமா? அவர் விவரம் தெரிந்தவர். ஏரித் தண்ணீரைத் தெளிய வைப்பது அந்தச் செடிகள்தான் என்பதும், அவை போய்விட்டால் அடுத்த மழைக்கு நிரம்பும் தண்ணீர் நாறும் பச்சைக் குழம்பாகி எந்த வடிகட்டிக்கும் அடங்காது என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டிருந்தார். படத்தை நம்பினால் பதில் ஒரு வரி.

"ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வந்துடறேன் சார்."

"சாட்டிலைட்டுக்கு மேல நேர்ல பாக்க என்ன இருக்கு?"

"அது மேல இருந்து பாக்குது சார். ஆழம் அதுக்குத் தெரியாது."

அவளை உறுத்தியது அதுதான். வெயிலில் செடி திருப்பி அனுப்பும் அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் செயற்கைக்கோள் அதைச் செடி என்று அடையாளம் காண்கிறது. அந்த ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். முழங்கை ஆழம் தண்ணீர் மேலே நின்றால் போதும், கீழே காடே இருந்தாலும் படத்தில் கறுப்பாகத்தான் விழும். போர்வையை இழுத்தால் உள்ளே படுத்திருப்பவர்கள் தெரிவார்கள். அதற்காக வீட்டில் ஆள் கூடிவிட்டது என்று சொல்ல முடியுமா?

துறையின் ட்ரோன் பழுதாகிக் கிடந்தது. ஆகவே அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன். மாலையும் கழுத்துமாக நிற்கும் ஜோடியின் தலைக்கு மேல் ட்ரோனைச் சுற்றவிட்டு, அவர்களை வானத்தைப் பார்த்துச் சிரிக்கவைப்பதில் கெட்டிக்காரன். மூன்றாம் மாடியில் வீடு. மாடிப்படி நெடுகிலும் ஆளுக்கு ஒரு நிறத்தில் குடங்கள். தண்ணீர் லாரி வந்து போனதன் ஈரம் படிகளில் இன்னும் காயவில்லை. அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"ஏரியில மோட்டாரை மாத்திப் போட்டா முதல்ல நம்ம தெருவுக்குத்தான் விடுவாங்களாம். உன் படத்துல எல்லாம் நல்லா இருக்குன்னு உங்க அண்ணன் சொன்னாரே, அப்புறம் என்ன போய்ப் பாக்கறது?"

"இல்ல அண்ணி, ஒரு சந்தேகம்."

"உனக்குச் சந்தேகம் தீர்றதுக்குள்ள எனக்கு இடுப்பு போயிடும்."

அண்ணன் ட்ரோன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் சேற்று வாடை குப்பென்று அடித்தது. கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே வெடித்த மண் அகலமாகக் கிடந்தது. அதன் மேல் பலகைகளைப் போட்டு, துறையின் தட்டைப் படகை இருவருமாக இழுத்துத் தண்ணீரில் விட்டார்கள். அவள் அளவுக் கம்பை ஊன்றிப் படகைச் செலுத்தினாள். நிறுத்தும் இடத்திலெல்லாம் கம்பை இறக்கி ஆழம் பார்த்துக் கையை உயர்த்துவாள். தலைக்கு மேல் ட்ரோன் அதே இடத்தைப் படம் பிடிக்கும்.

கரையிலிருந்து அண்ணன் கத்தினான். "பச்சையைக் கொஞ்சம் ஏத்தி விடட்டுமா? எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க!"

"ஒண்ணும் ஏத்தாதே! இருக்கறபடி எடு!"

"இருக்கறபடி எடுத்தா என் பொழப்பு என்னத்துக்கு ஆகும்!"

படத்தில் மிகவும் பச்சையாக இருந்த இடத்தை நெருங்கியபோது படகின் அடி எதிலோ உரசி நின்றது. எதிலோ அல்ல, செடியில்தான். தண்ணீருக்குள் ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்க வேண்டிய செடிகள் தாங்கிப் பிடிக்கத் தண்ணீர் இல்லாமல், குளித்துவிட்டுத் துவட்டாத தலைமுடி போல ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. மேலே பச்சை. கையால் அள்ளித் தூக்கினால் அடியில் பழுப்பு, அதற்கும் அடியில் கூழ். நுனிகளில் உப்புப் பூத்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. செயற்கைக்கோள் பொய் சொல்லவில்லை. ஏரிச் செடிகள் முதல்முறையாக வெயிலில் படுத்துக் கிடந்ததை அது உள்ளபடியே படம் எடுத்திருந்தது. அதைப் பெருக்கம் என்று வாசித்தது அலுவலகத்தில் இருந்தவர்கள்.

வேர் எப்படி இருக்கிறதென்று பார்க்க அவள் படகிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தாள். கால் நின்ற மாதிரி இருந்தது. இன்னொரு காலையும் வைத்தபோது சேறு முழங்கால், தொடை, இடுப்பு என்று அவளை வாங்கிக்கொண்டே போயிற்று. பிடிக்கப்போன படகு நழுவி அப்பால் நகர்ந்தது.

"அண்ணா!"

கரையில் அவன் ட்ரோனை இயக்கும் கருவியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவது தெரிந்தது. பலகையோடு சேற்றில் குப்புற விழுந்து, பலகையை முன்னால் தள்ளித் தள்ளித் தவழ்ந்து வந்தான். "ஆடாதே, ஆடாதே, ஆடினா உள்ளே போயிடுவே" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பலகையின் மேல் மார்பைச் சாய்த்து அவள் மேலேறி வந்தபோது செருப்பு இரண்டும் சேற்றோடு போயிருந்தன. தலைக்கு மேல் ரீங்கரித்துக்கொண்டிருந்த ட்ரோன் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானாகவே கரைக்குப் போய் இறங்கியது.

"அதுக்கு இருக்கற புத்தி உனக்கு இருக்கா?" என்றான் மூச்சு வாங்க. கன்னத்தில் சேறு. "போதும், வா போகலாம்."

"கிழக்கு மூலையை இன்னும் பாக்கலை."

"படத்துல அங்கதான் ஒண்ணுமே இல்லையே, வெறும் கறுப்பு."

"அதனாலதான் பாக்கணும்."

அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அவனும் படகில் ஏறினான். நடுவே ஓரிடத்தில் கம்பு சட்டென்று தரை தட்டியது. தண்ணீருக்குள் ஏரியின் குறுக்காக ஒரு மண்மேடு ஓடியது. அதைத் தாண்டியதும் கம்பு முழுவதும் உள்ளே போனது. அவள் படகின் ஓரத்தில் படுத்து, முகத்துக்கு இருபுறமும் கைகளை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். செடிகள் நிமிர்ந்து நின்றன. கரும்பச்சையாக, நெருக்கமாக, கீழே எதுவரை என்று தெரியாதபடி. இலை நடுவிலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே வந்து உடைந்தது. அவள் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். எழுந்து உட்கார்ந்தபோது முகம் மாறியிருந்தது. "அப்போ மோட்டாரை இங்க போடக்கூடாதுன்னு சொல்லப்போறே."

"ஆமா."

"உங்க அண்ணிகிட்ட நீயே சொல்லு" என்று கம்பை வாங்கிக்கொண்டான்.

வாரியத்தோடு நடந்த கூட்டத்தில் தலைவர் முதலில் முகம் சுளித்தார். பெருக்கத்தைக் காட்டும் வரைபடம் ஏற்கெனவே தயாராகி, வண்ணத்தில் அச்சாகி, மேசையில் இருந்தது. அவள் ஆழத்தையும் ட்ரோன் படங்களையும் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திக் காட்டினாள். பச்சையாக இருக்கும் இடமெல்லாம் சாகிறது, கறுப்பாக இருக்கும் இடத்தில்தான் உயிர் இருக்கிறது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு அச்சான தாளைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

பொறியாளர் அதற்கெல்லாம் அசரவில்லை. "அதெல்லாம் சரிம்மா. செடிக்காக மனுஷங்களைக் காயப்போடச் சொல்றீங்களா?"

"எங்க அண்ணன் வீட்டுக் குழாயும் காஞ்சுதான் மேடம் கெடக்கு." அவள் குரல் தானாக உயர்ந்தது. இறக்கிக்கொண்டாள். "மோட்டார் இப்போ இருக்கற மேற்குப் பக்கத்துலயே இருக்கட்டும். அங்க இருக்கற தண்ணிய எடுத்துக்கோங்க. அந்தச் செடி எப்படியும் பிழைக்காது. தண்ணி நடு மேட்டுக்கு இறங்கினதும் நிறுத்திடுங்க, அதுக்கு மேல எடுத்தா மேடு வழியா கிழக்குத் தண்ணியும் கசிஞ்சு இறங்கிடும். கிழக்கு மூலை மட்டும் தனியா நிக்கட்டும். அங்கேருந்துதான் மொத்த ஏரியும் திரும்ப முளைக்கணும்."

"நிறுத்தினதுக்கு அப்புறமும் மழை வரலைன்னா?"

வரும் என்று அவளால் வாக்குக் கொடுக்க முடியாது. "அப்போ திட்டறதுக்காவது என்னைக் கூப்பிடுங்க மேடம். வந்து உக்காந்துக்கறேன்."

பொறியாளர் முதல்முறையாக லேசாகச் சிரித்தார். மேட்டின் உயரத்தைத் திரும்பக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மோட்டார் ஓடியது. அண்ணன் தெருவில் சில வாரங்கள் குழாயில் தண்ணீர் வந்தது. படிகளில் குடங்கள் குறைந்தன. பிறகு ஏரி மேட்டைத் தொட்டது, மோட்டார் நின்றது, குடங்கள் திரும்பி வந்தன. அவள் போனபோது அண்ணி கதவைத் திறந்துவிட்டுக் குடங்களை ஒதுக்கப் போனாள். குடிக்கத் தண்ணீர் கேட்டதும் டம்ளரில் பாதி கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டுக் கேட்டாள்.

"உன் செடி எப்படி இருக்கு?"

"இருக்கு அண்ணி."

"இருக்கட்டும்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபமா, வேறு ஏதாவதா என்று அந்த முதுகிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த வாரத்துப் படம் காலையில் வந்தது. திறந்தவள் முதலில் கோப்பு கெட்டுவிட்டதோ என்று நினைத்தாள். பச்சை இல்லை, கறுப்பு இல்லை, ஏரியே இல்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே வெள்ளை. அந்த வழியாக வந்த தலைவர் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து, "மேகம். இந்தப் படம் எதுக்கும் ஆகாது" என்றார். சொல்லிவிட்டு அவரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். "ட்ரோன் பறக்குமா?"

"இந்தக் காத்துக்கா? பிச்சு எறிஞ்சிடும்."

"சரி, நான் படகுல போறேன்."

"இரு, இரு. பலகையை எடுத்துட்டு நானும் வரேன்."

கிழக்கு மூலையில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் சுருண்டு சுருண்டு கரையை அறைந்தது. அன்று உள்ளே எதுவும் தெரியவில்லை. அவள் படகின் ஓரத்தில் படுத்துத் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். குளிர்ந்த, வழவழப்பான இலைகள் விரல்களுக்கு நடுவே வந்து, ஒரே பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தன.