மச்சான் படகில் நான் போட்ட ஓட்டை

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் வாஷிங் மெஷினோடு நின்றிருக்க வேண்டும். துணியும் தண்ணீரும் சுற்றுகிற ஒரு டப்பாவைப் பிரித்து மாட்டத் தெரிந்ததால், உலகத்தில் சுற்றுகிற எல்லாமே எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டேன். "உங்களுக்குக் கை வேலையை விட வாய் வேலை ஜாஸ்தி" என்று என் மனைவி சொல்வாள். அந்த வாய்தான் மச்சானிடம் வாக்குக் கொடுத்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். சொந்தமாக ஒரு சின்ன ஃபைபர் படகு வைத்து மீன் பிடிப்பவர். படகின் பழைய எஞ்சின் உயிரை விட்டிருந்தது. துடுப்புப் போட்டு எவ்வளவு தூரம்தான் போவார்? கரையோரத்துப் பொடி மீனை வைத்துக் குடும்பம் ஓடவில்லை. படகை விற்றுவிட்டு அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தவன் படகுல ஏறிட்டா, கொட்டாவி விடக்கூட அவனைக் கேக்கணும் மாப்ள," என்றார். எனக்கு மனசு தாங்கவில்லை.

"நான் எதுக்கு மச்சான் இருக்கேன்?" என்றேன்.

பழைய இரும்புக் கடையில் ஒரு வாட்டர் ஸ்கூட்டர் கிடந்தது. உல்லாச விடுதிகளில் பணக்காரப் பிள்ளைகள் கால் போட்டு உட்கார்ந்து கடலில் சீறிக்கொண்டு போவார்களே, அதுதான். எதிலோ மோதி உடம்பு நொறுங்கியிருந்தது. எஞ்சினுக்குக் கீறல்கூட இல்லை. கூடவே தண்ணீர் பம்பும் முழுசாக இருந்தது; இரண்டையும் மச்சான் படகுக்கு என்று வாங்கி வந்தேன். இந்த வண்டிக்கு வெளியே சுழல்கிற விசிறி கிடையாது. அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, பின்னால் பீய்ச்சி அடித்து, அந்த வேகத்தில் போகும். ஆகவே படகின் அடியில் தண்ணீர் உறிஞ்ச ஒரு வழி வேண்டும். நானே அளவெடுத்தேன், நானே அறுத்தேன்.

மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த என் மனைவி, கவிழ்த்துப் போட்டிருந்த படகைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது? அண்ணன் படகுல ஓட்டை போட்டிருக்கீங்க?"

"ஓட்டை இல்ல. தண்ணி போற வழி."

"தண்ணி போற வழிக்குப் பேருதாங்க ஓட்டை!"

தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசுகிற பழக்கம் மச்சானுக்கு இல்லை. ஓட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "நல்லா வட்டமா அறுத்திருக்கீங்க," என்றார். நான் அறுத்தது நீள்சதுரம். பாவம், பாராட்ட வேண்டுமே என்று பாராட்டினார்.

பம்பை வைத்து, ஃபைபர் துணியும் பிசினுமாகப் பூசி அதைச் சுற்றியிருந்த இடைவெளியை அடைத்தேன். எஞ்சினைப் போல்ட் போட்டு முடுக்கினேன். என் கெட்ட நேரம், எல்லாம் பொருந்திவிட்டது. பொருந்தாமல் போயிருந்தால் நஷ்டம் அறுத்த ஓட்டையோடு போயிருக்கும். பொருந்தியதும் எனக்குத் தலைகால் புரியாமல், எஞ்சின் செய்தவனுக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

அந்த வண்டியில் ஒரு சிவப்புக் கயிறு இருக்குமாம். ஒரு முனை ஓட்டுகிறவன் மணிக்கட்டில், மறு முனை சுவிட்சில். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். எனக்குக் கிடைத்ததில் கயிறு இல்லை. 'மாட்டைக் கட்டுகிற மாதிரி மனுஷனுக்கு எதற்குக் கயிறு?' என்று, கயிறு இல்லாமலே எஞ்சின் ஓடும்படி ஒயரை மாற்றி முறுக்கி டேப் சுற்றினேன். அடுத்து, கையை எடுத்தால் வேகம் தானாகக் குறைகிற மாதிரி ஒரு ஸ்பிரிங். வலை இழுக்கிறவருக்கு இரண்டு கையும் வேண்டுமே! ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, வைத்த இடத்திலேயே நிற்கிற பிடி ஒன்று போட்டேன். எஞ்சினை அணைக்கும் பொத்தான் வெளியே தெரிந்தால் அழகாக இல்லை என்று பின் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அது எங்கே இருக்கிறது என்று மச்சானுக்குக் காட்டவும் இல்லை. காட்டினால் அவரே ஓட்டிவிடுவாரே, எனக்கு என்ன பெருமை?

வெள்ளோட்டத்துக்கு மச்சான் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். என் மனைவி கரையில் நின்றாள். பிடியை முழுசாகத் தள்ளினேன். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. மச்சான் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்போடு கரைக்குத் திரும்பியிருந்தால் நானும் ஒரு மனுஷன். கரையில் நிற்பவளுக்கு வித்தை காட்ட ஆசைப்பட்டு, அந்த வேகத்திலேயே ஒரே திருப்பாகத் திருப்பினேன்.

படகு திரும்பியது. நான் நேராகப் போனேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பெண் எடுத்துவிட்டு இதை எப்படி வெளியில் சொல்வது? சொல்லவே இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பார்கள். நான் தலையையும் சேர்த்து விட்டிருந்தேன்.

வாய்க்குள் உப்பு போனது. மேலே வந்தபோது மச்சான் தெரிந்தார். எஞ்சின் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொத்தானைத் தேடிப் பின்னால் வந்திருந்தால் படகு பிழைத்திருக்கும். நான் பிழைத்திருக்க மாட்டேன். அவர் குதித்தார்.

கல்யாணமான நாளிலிருந்து "வாங்க மாப்ள, போங்க மாப்ள" என்று பேசியவர், அன்றுதான் மரியாதையைக் கடலில் விட்டார். "கழுத்தை விடுடா டேய்! ரெண்டு பேரும் போயிருவோம்டா!" என்று கத்தி, என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நீந்தினார். யாரும் இல்லாத படகு முழு வேகத்தில் போய் அலைத்தடுப்புக் கல்லில் ஏறியது. பிளந்த சத்தம் தண்ணீருக்குள்ளேயே கேட்டது. அதற்குப் பிறகும் எஞ்சின் கல்லின் மேல் கிடந்து கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தது. நான் முடுக்கிய ஒரு போல்ட்டும் கழலவில்லை. நம்புங்கள், அந்த நிலையிலும் எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை வந்தது.

கரையில் என் மனைவி என் முதுகில் அடித்துத் தண்ணீரை வெளியே எடுத்தாள். தண்ணீர் வந்த பிறகும் அடித்தாள். மச்சான் இரண்டாகக் கிடந்த படகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உன் படகு..." என்று அழுதாள்.

"படகு போனா கல்லுல முட்டும். இவரு போனா நீ வந்து என் தலையில முட்டுவ," என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை மச்சான் வேறொருவர் படகில் கூலிக்கு ஏறினார். மனசு கேட்காமல் நானும் போய்க் கொஞ்சம் தள்ளி நின்றேன். பாக்கெட்டில் பழக்க தோஷத்தில் ஒரு ஸ்பேனர். மச்சான் குனிந்து அடுத்தவர் வலையை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. படகுக்காரர் எஞ்சினைக் கிளப்பக் கயிற்றை இழுத்தார், அது இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடி நின்றது.

"உனக்கு மெக்கானிக் யாராவது தெரியுமாய்யா?" என்று மச்சானைக் கேட்டார்.

மச்சான் நிமிர்ந்தார். என்னை நேராகப் பார்த்தார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"எனக்கு யாரையும் தெரியாதுங்க," என்றார்.

முந்தின நாள் என்னைக் கடலிடமிருந்து காப்பாற்றியவர், அன்று அந்தப் படகை என்னிடமிருந்து காப்பாற்றினார். ஸ்பேனரைப் பாக்கெட்டின் அடி வரைக்கும் அமுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.